கீழ் வீட்டுச் சூனியக்காரி எதை விட்டுக் கொடுத்தாள்?

பேய்ப்படம் என்றால் எனக்குப் பயம். ஆனால் மந்திரம், காதல், சிரிப்பு மூன்றும் கலந்த படம் என்றால் ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் உட்கார்ந்து பார்ப்பேன். அப்படித்தான் போன வாரம் 'பெல், புக் அண்ட் கேண்டில்' (1958) படத்தை மறுபடி பார்த்தேன். இயக்கம் ரிச்சர்ட் க்வைன். ஜான் வான் ட்ரூட்டன் எழுதி 1950-ல் பிராட்வேயில் மேடையேறிய நாடகம்தான் மூலம். இருபது வருஷம் முன்னாடி சிரிச்சுட்டுப் போன படம். இந்தத் தடவை ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

கதை சின்னது. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் ஒரு கட்டடம். கீழே கில்லியன் (கிம் நோவாக்), முகமூடிகளும் பழங்குடிச் சிலைகளும் விற்கும் கடை வைத்திருக்கிறாள். சூனியக்காரி. அவளுடைய அத்தையும் அதே ரகம், அதே கட்டடம். மாடியில் குடியிருப்பவர் ஷெப் (ஜேம்ஸ் ஸ்டூவர்ட்), புத்தகப் பதிப்பாளர், சாதாரண மனுஷன். அத்தை அவருடைய போனுக்கு மந்திரம் போட்டுவிட, அவர் போன் பேசக் கீழ் வீட்டுக்கு வருகிறார். அவருக்கு நிச்சயமான பெண், கில்லியனின் கல்லூரிக் காலத்து எதிரி என்று தெரிந்ததும் இவள் வசியம் வைத்துவிடுகிறாள்.

படத்தின் உச்சம் இந்த வசியக் காட்சிதான். மடியில் சயாமியப் பூனை பைவாக்கெட். கில்லியன் மெல்ல முனகுகிறாள். பூனையின் கண்ணும் அவள் கண்ணும் ஒன்றாகத் தெரிகின்றன. அடுத்து ரெண்டு பேரும் ஃபிளாட்அயர்ன் கட்டடத்தின் உச்சியில். ஷெப் தொப்பியைக் கழற்றி வீசுகிறார். அது கீழே போய்க்கொண்டே இருக்கிறது. காதலில் விழுவதற்கு இதைவிட நல்ல படம் நான் பார்த்ததில்லை.

(இனி முடிவைச் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

இந்த உலகத்தில் ஒரு விதி உண்டு. சூனியக்காரிக்கு அழுகை வராது, வெட்கத்தில் முகம் சிவக்காது. உண்மையாகக் காதலித்தால் சக்தி போய்விடும். அதுதான் நடக்கிறது. பூனை ஓடிவிடுகிறது. கருப்பும் சிவப்பும் உடுத்தி வெறுங்காலோடு வீட்டுக்குள் நடந்தவள் வெளிர் நிறத்துக்கு மாறுகிறாள். முகமூடிகள் இருந்த கடையில் கிளிஞ்சல் பூக்கள். வசியம் நீங்கிக் கோபமாகப் போன ஷெப், அவள் அழுவதைப் பார்த்த பிறகுதான் நம்புகிறார். சுபம்.

அதே 1958-ல் இதே ஜோடி ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'விலும் நடித்தது. அதில் ஸ்டூவர்ட் நோவாக்கின் உடையை, தலைமுடியின் நிறத்தை மாற்றி, தன் மனசில் இருக்கும் பெண்ணாக ஆக்குகிறார். பார்க்கும் நமக்குப் பதறுகிறது. இங்கேயும் முடிவில் அவள் வேறொருத்தி ஆகிவிடுகிறாள். வற்புறுத்த யாரும் இல்லை, விதியே செய்துவிடுகிறது. அதனால் நாம் பதறுவதில்லை, கைதட்டுகிறோம்.

நியாயமாக எதிர்வாதத்தையும் சொல்லணும். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, முதல் காட்சியிலேயே கில்லியன் சலித்துப் போயிருக்கிறாள். வேறு ஏதாவது வேணும், சாதாரண மனுஷங்க மாதிரி இருக்கணும் என்று அவளே ஏங்குகிறாள். ஆக, இது அவள் கேட்டு வாங்கியதுதான் என்று வாதாடலாம். கதைப்படி சரி. ஆனால் கேமரா ஒத்துக்கொள்ளவில்லை. மந்திரம் இருக்கும்வரை ஒவ்வொரு ஃபிரேமும் மின்னுகிறது. கிளிஞ்சல் கடை வந்ததும் படம் மங்கிப் போகிறது. எது இழப்பு என்று படத்துக்கே தெரிந்திருக்கிறது.

கூடவே பார்த்த என் மனைவி, முடிந்ததும் கேட்டாள்: "அவ பூனை, கடை, சக்தி எல்லாத்தையும் விட்டா. அந்தாளு என்னத்தை விட்டாரு?"

"ஒரு தொப்பி" என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம்.

பதினாறு வருஷம் முன்னாடி என் வேலைக்காக ஊர் மாறினோம். அவள் டீச்சர் வேலையை விட்டுட்டு வந்தாள். நான் அப்போது எதை விட்டேன் என்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். தொப்பிகூட இல்லை.