மின்கல்வியில் சிக்கல்சார் கற்றல்: ஆய்வுப்போக்குகள் குறித்த ஒரு மதிப்பீடு (திருவண்ணாமலையை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

மின்கல்விப் புலத்தில் சிக்கல்சார் கற்றல் குறித்துப் பெருகிவரும் ஆய்வுகள் பெரிதும் கருவியின் பயனையே அளக்கின்றன. மாணவர்முன் வைக்கப்பட்ட சிக்கல் எத்தகையது என்னும் வினா பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இக்குறைபாட்டை, 2024 டிசம்பரில் திருவண்ணாமலை எதிர்கொண்ட பேரிடரைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிக்கல்சார் கற்றல், மின்கல்வி, ஆய்வுப்போக்கு, வழிநடத்துநர், திருவண்ணாமலை

தோற்றமும் பெயர்க்குழப்பமும்

சிக்கல்சார் கற்றல் மருத்துவக் கல்வியில் உருவானது. உடற்கூற்றியலையும் மருந்தியலையும் முதலில் கற்பித்து, நோயாளியைப் பின்னர் காட்டும் வழக்கத்தைக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் தலைகீழாக்கியது. நோயாளியின் நிலை முதலில் வைக்கப்பட்டது. அதை விளங்கிக்கொள்ளத் தமக்கு எவை தெரிந்திருக்க வேண்டும் என்பதைச் சிறு குழுவாக அமர்ந்த மாணவர்களே வரையறுத்தனர். ஆசிரியர் விடை கூறாமல் வழிநடத்தினார். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் 1974இல் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்வியும் இம்முறையை ஏற்றது. எனினும், ஒரே பெயரின்கீழ் வெவ்வேறு நடைமுறைகள் வழங்குவதை ஹோவர்ட் பாரோஸ் 1986இலேயே சுட்டி, அவற்றை வகைப்படுத்த முற்பட்டார்.

தமிழில் இக்குழப்பம் இன்னும் ஆழமானது. ‘சிக்கல்சார் கற்றல்’, ‘சிக்கல் தீர்த்தல்’, ‘பிரச்சினை அடிப்படையிலான கற்றல்’ ஆகியன ஒன்றுக்கொன்று மாற்றாக எழுதப்படுகின்றன. சிக்கல் தீர்த்தலில் பாடம் முன்னும் சிக்கல் பின்னும் வரலாம். பாடநூலின் ‘பயிற்சிக் கணக்கு’ அத்தகையது. சிக்கல்சார் கற்றலிலோ சிக்கலே முதலில் வருகிறது. பாடம் அதன் தேவையாக எழுகிறது. இந்த வரிசை மாறினால் கருத்தே மாறிவிடும்.

ஆய்வுகள் செல்லும் திசை

தொடக்ககால ஆய்வுகள் பயன்விளைவை அளந்தன. டோக்கி முதலியோர் 2003இல் 43 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, அறிவைப் பயன்படுத்தும் திறனில் இம்முறை தெளிவான நற்பயனையும், பாடஅறிவில் சற்றே எதிர்மறையான போக்கையும் காட்டியது. ஆயினும் பெற்ற அறிவு நெடுநாள் நிலைத்தது. 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகியோர், குறைந்த வழிகாட்டுதலுடைய கற்பித்தல் தொடக்கநிலை மாணவரின் நினைவாற்றலுக்குப் பெருஞ்சுமை என்றனர். சிக்கல்சார் கற்றல் வழிகாட்டுதல் அற்றதன்று, படிப்படியான தாங்குதலை உள்ளடக்கியது என 2007இல் மெலோ-சில்வர் முதலியோர் மறுத்துரைத்தனர்.

மின்கல்விக்கு மிக வேண்டிய விவாதம் இதுவே. வழிநடத்துநரின் இடத்தில் ஒரு செயலி வைக்கப்படும்போது எவ்வளவு வழிகாட்டுதல் எஞ்சுகிறது என்பதே கேள்வி. பெருந்தொற்றுக்குப் பின் பெருகிய எழுத்துகளுள் ஒரு பகுதி இவ்விவாதத்தைத் தொடராமல் நூலியல் அளவீட்டின் பக்கம் சென்றுள்ளது. ஸ்கோபஸ் தரவுகளிலிருந்து திறவுச்சொற்களைத் திரட்டி, விஓஎஸ்வியூவர் மென்பொருளால் வரைபடமாக்கி, எந்த நாடு எத்தனை கட்டுரை வெளியிட்டது எனக் கணக்கிடுவது எளிது. அழகிய வண்ணப்படமும் கிடைக்கும். ஆனால் அது எண்ணுவது பெயர்களை மட்டுமே. ஒரு பெயரின்கீழ் வகுப்பறையில் என்ன நடந்தது என்பதை அதனால் காட்ட இயலாது. தமிழில் வெளிவரும் ஆய்வுகள் அக்கணக்கில் இடம்பெறுவதும் அரிது.

தமிழ்நாட்டுச் சூழல்

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், மாணவர் தம் வேகத்தில் அட்டைகளின்வழி முன்னேற இடமளித்தது. ஆனால் ஏணிப்படியும் விடையும் முன்பே முடிவானவை. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் 2023இல் வந்த மணற்கேணி செயலியும் பாடத்தைக் கொண்டுசேர்க்கும் வழிகள்; அவ்வகையில் பயனுள்ளவை. காணொலி பார்த்து வினாவுக்கு விடையளிப்பதைச் சிக்கல்சார் கற்றல் என்று ஓர் ஆய்வேடு பெயரிடுமாயின், அது அச்செயலிக்கும் நீதி செய்வதாகாது, அம்முறைக்கும் நீதி செய்வதாகாது. கல்வியியலில் பழகிப்போன முன்தேர்வு-பின்தேர்வு வடிவமைப்பு இப்பிழையை மறைக்கவும் செய்கிறது. மதிப்பெண் உயர்ந்தால் முறை வென்றதாகக் கொள்ளப்படுகிறது.

திருவண்ணாமலை ஒரு சிக்கலாக

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் மாலை திருவண்ணாமலை வ.உ.சி. நகரில், மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து ஏழு பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். டிசம்பர் 2 அதிகாலையில் இதே மாவட்டத்தின் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் நொடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. கீழ்ப்பகுதி மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. முன்னறிவிப்பு போதுமானதா என்பது அரசியல் விவாதமாயிற்று. பதினொரு நாள்களுக்குப் பின் அதே மலையின் உச்சியில் கார்த்திகைத் தீபம் ஏற்றப்பட வேண்டியிருந்தது.

சரிவில் வீடுகள் ஏன் எழுந்தன? எத்தனை பேரை மலையேற விடலாம்? அணையை முன்னரே படிப்படியாகத் திறந்திருக்கலாமா? இவற்றுக்குப் பாடநூலின் இறுதியில் விடை இல்லை. புவியியல், கணிதம், குடிமையியல், கோயில் வழக்காறு ஆகிய அனைத்தும் ஒருங்கே தேவைப்படுகின்றன. மின்கருவிகளுக்கு உண்மையான வேலை இங்குதான் பிறக்கிறது. இஸ்ரோவின் புவன் தளத்தில் மலைச்சரிவைப் பார்க்கலாம். வானிலை ஆய்வுத்துறையின் மழையளவையும் அணையின் நீர்வரத்தையும் அட்டவணையாக்கி ஒப்பிடலாம். மாணவர் தரவைத் தேடுவது தமக்கு எழுந்த ஐயத்தால்; செயலி கட்டளையிட்டதால் அன்று.

இதற்கொரு மறுப்பும் உண்டு. அவ்வகுப்பிலேயே அச்சரிவில் வாழும் மாணவர் இருக்கக்கூடும். இழப்பைப் பாடப்பொருளாக்குவது அவரை மீண்டும் புண்படுத்தலாம். இம்மறுப்பு வலுவானது. சாத்தனூரில் தொடங்குவதா, மலைச்சரிவில் தொடங்குவதா, எந்தப் படத்தைக் காட்டாமல் விடுவது என்பதை முகம் பார்த்து முடிவுசெய்ய ஆசிரியர் வேண்டும். வழிநடத்துநர் குறித்த 2006ஆம் ஆண்டின் விவாதம் நினைவுச்சுமையை மட்டுமே கருதியது. இச்சுமை அதன் கணக்கில் வரவில்லை. எனவே இத்தகைய களத்தில் மேற்கொள்ளப்படும் ஆய்வு, மதிப்பெண் பட்டியலோடு குழு உரையாடலின் பதிவையும், மாணவர் எழுப்பிய வினாக்கள் வாரந்தோறும் மாறிய விதத்தையும், ஆசிரியர் குறுக்கிட்ட இடங்களையும் தரவாகக் கொள்ள வேண்டும். இவற்றைத் திரட்ட ஒரு பருவம் முழுதும் பள்ளியில் இருந்தாக வேண்டும். இரண்டு வாரத் தலையீட்டில் இவை அகப்படா.