'எபோக்க'லும் சகாப்தமும்

ஆங்கில ஏடுகளிற் பழகிய நம் பிள்ளைகள் 'எபோக்கல்' என்னும் அடைமொழிக்குத் தமிழ் கேட்டால், 'மிகப் பெரிய' என்று கூறி நாம் ஒதுங்கிவிடுகிறோம். பொருள் அதுவன்று. அதன் மூலமான 'எபோக்கே' என்னும் கிரேக்கச் சொல் நிறுத்தத்தைக் குறிப்பது. காலக்கணக்குத் தொடங்கும் புள்ளிக்கும் அதுவே பெயராயிற்று. ஆகவே பெருமையின் அளவன்று, கணக்கு மாறுவதே அச்சொல்லின் உயிர்.

தமிழில் வழங்கும் 'சகாப்தம்' அதற்கு நெருங்கிய உறவு. கி.பி. 78இல் தொடங்கும் சக ஆண்டுக் கணக்கிலிருந்து வந்த சொல் அது. 1957 மார்ச் 22 முதல் அக்கணக்கே தேசிய நாட்காட்டிக்கு அடிப்படை. அரசிதழின் தலைப்பில் அதனைக் கண்டு பழகிய நம்மைப் போன்ற எழுத்தர்களுக்கு, அது வெறும் அலங்காரச் சொல்லாகத் தோன்றுவதில்லை.

பாராட்டுரைகளிலோ நாளொரு சகாப்தம் பிறக்கிறது. ஒரே மேடையில் மூன்று பிறந்ததும் உண்டு! 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தார். அதன்பின் தமிழரின் பண்டை வாழ்வைப் பழைய கணக்கில் எழுத இயலாது போயிற்று. இங்கே 'எபோக்கல்' தகும். அவரே 1887இல் வெளியிட்ட சீவக சிந்தாமணிப் பதிப்பு உழைப்பிற் குறைந்ததன்று. எனினும் 'அரிய' என்னும் அடைமொழியே அதற்குப் போதும் என்பது நம் துணிபு. மாறுபடும் அன்பர்கள் இருப்பர். அப்பதிப்பால் எக்கணக்கு மாறிற்று என்பதை அவர்கள் காட்டட்டும்.