பாப்பின்ஸ்: வட்டம் தாங்கும் எடை

பாப்பின்ஸ் எழுத்துருவை அதன் பரவலைக் கொண்டு மதிப்பிடுவது பயனற்றது. விலையின்றி, திறந்த உரிமத்தில், ஒன்பது தடிமன்களும் அவற்றுக்கான சாய்வெழுத்துகளும் கிடைத்தால் யாரும் எடுத்துக்கொள்வார்கள். வட்டமும் நேர்கோடுமே போதும் என்ற தன் கொள்கையை அது எங்கே உழைத்து நிறுவியது, எங்கே வெறுமனே ஒப்பித்தது என்பதே திறனாய்வின் கேள்வி.

இந்தியன் டைப் ஃபவுண்ட்ரி 2014இல் வெளியிட்ட இக்குடும்பத்தில் தேவநாகரியை நினாத் காளேயும் ரோமனை ஜானி பின்ஹார்னும் வரைந்தனர். சாதனை காளேயின் பக்கம். சாய்வாக வெட்டிய எழுதுகோலின் தடிப்பும் மெலிவுமே தேவநாகரியின் மரபிலக்கணம். அதைத் துறந்து ஏறத்தாழ ஒரே தடிமனுள்ள கோட்டால் எழுத்தைக் கட்டினால், தலைக்கோட்டில் தண்டும் வளைவும் வந்து சேரும் இடமெல்லாம் கறுத்துத் திரளும். காளே அந்தச் சந்திப்புகளை அளவாக மெலித்திருக்கிறார். வரியின் கருமை குலையவில்லை. கையெழுத்தின் ஓட்டம் போய்விட்டதே என்பார் உண்டு. போய்விட்டதுதான். நெடும்பத்தியில் அது இழப்பு. தலைப்பிலும் பட்டனிலும் யாரும் அதைத் தேடப்போவதில்லை.

ரோமன் பகுதிக்கு இந்தப் பாராட்டு பொருந்தாது. 1927இல் வெளிவந்த ஃபியூச்சரா எழுத்துருவில் பால் ரென்னரும் வட்டத்தையே நம்பினார். ஆனால் சின்ன எழுத்துகளின் உடலைத் தாழ்த்தி, ஏறுகோடுகளை நெடிதாக நீட்டினார். வட்டங்கள் ஒத்திருந்தாலும் சொற்களின் புறவடிவம் வேறுபட்டு நின்றது. பாப்பின்ஸ் உடலை உயர்த்திவிட்டது. காரணம் நியாயமானதே: தேவநாகரிக்குப் பக்கத்தில் ரோமன் சிறுத்துத் தெரியலாகாது. விளைவுதான் கடினமானது. ஏறுகோட்டுக்கு மிஞ்சிய இடம் குறைவு. ஏ, ஓ, டி, கியூ நான்கும் ஒரே வட்டத்தின் மறுபதிப்புகளாகின்றன. பெரிய அளவில் இந்த ஒற்றுமை ஒழுங்காகத் தெரிகிறது, சிறிய அளவில் சலிப்பாகிறது. பெரிய ஐயும் சின்ன எல்லும் வெறும் குச்சிகள். கடவுச்சொல் காட்டும் திரையில் இது சிறு குறையல்ல. இந்த இரண்டுக்கும் மாற்று வடிவங்களை உள்ளேயே வைத்திருக்கும் ராஸ்மஸ் ஆண்டர்சனின் இன்டர் எழுத்துரு, அழகில் பாப்பின்ஸைவிட எளியது. திரை வேலையை நன்கு அறிந்தது.

பாப்பின்ஸின் இயல்பான வரி உயரம் எழுத்தளவில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மாத்திரைக் குறிகள் மேலும் கீழும் வரும் தேவநாகரிக்கு அந்த இடம் வேண்டும். ஆங்கிலம் மட்டும் உள்ள திரையில் அதைக் குறைப்பது வடிவமைப்பாளர் தலையில் விழும் வேலை.

தமிழ் இதில் இல்லவே இல்லை. பாப்பின்ஸ் இட்ட செயலியில் தமிழ் வரி, கருவியில் இருக்கும் வேறேதோ எழுத்துருவுக்குத் தாவுகிறது. தடிமனும் உயரமும் பொருந்துவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. தமிழையும் ரோமனையும் சேர்த்தே வரைந்த பிரியா ரவிச்சந்திரனின் கேட்டமரன் எழுத்துரு இருக்க, தமிழ்ச் செயலிக்கும் பாப்பின்ஸையே கேட்டு வாங்கும் குழுக்களைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

இந்திச் செய்திச் செயலியின் தலைப்புகளுக்குப் பாப்பின்ஸைத் தயங்காமல் தேர்வேன். ஆங்கிலப் படிவம் ஒன்றுக்குள் விடமாட்டேன்.