எத்தனை தடவை என்பதல்ல கேள்வி

தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் ஜன்னல் ஓரமா ஒட்டியிருக்கும் 'ரகசிய வியாதி' ஸ்டிக்கரைப் பார்க்காதவங்க குறைவு. இப்போ அதே சரக்கு யூடியூபில் '90 நாள் கட்டுப்பாடு' என்று வருகிறது. ஃபார்முலா ஒண்ணுதான்: முதலில் பயமுறுத்து, வெட்கப்பட வை, பிறகு லேகியத்தையோ கோர்ஸையோ விற்றுவிடு.

இவற்றோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டியது உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி-11. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் 6சி72 என்ற எண்ணில், கட்டுக்கடங்காத பாலியல் நடத்தையை ஒரு கோளாறாகச் சேர்த்திருக்கிறார்கள். வைத்த இடம்கூட முக்கியம்: சூதாட்டம், கேமிங் இருக்கும் அடிமைப் பழக்கப் பட்டியலில் இல்லை; உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளின் பட்டியலில். அமெரிக்காவின் டி.எஸ்.எம்-5 (2013) இதற்கு நெருக்கமான ஒரு முன்மொழிவைச் சேர்க்காமலே விட்டது.

6சி72-ல் 'ஒரு நாளைக்கு எத்தனை தடவை' என்ற எண்ணே கிடையாது. கேட்பது வேறு. உடம்பு, வேலை, குடும்பம் எல்லாம் பின்னாடி போய்விட்டதா? விட முயன்று திரும்பத் திரும்பத் தோற்கிறாரா? நஷ்டம் தெரிந்தும், சுகமே இல்லாமலும் தொடர்கிறதா? ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிக்கிறதா? கூடவே ஒரு நிபந்தனை: 'இது பாவம்' என்ற உறுத்தல் மட்டுமே வேதனைக்குக் காரணம் என்றால் அது நோய் ஆகாது. ஸ்டிக்கர் வியாபாரத்தின் அடிமடியிலேயே கை வைக்கும் வரி இது.

ஆனால் இந்தக் குறிப்பு டாக்டர்களுக்கானது. ராத்திரி மூணு மணிக்கு ஃபோனைக் கீழே வைக்க முடியாமல் கிடக்கிறவன் இப்போ என்ன செய்யணும் என்று அது சொல்லாது. அந்தக் காலி இடத்தில்தான் 90 நாள் கவுண்டர் வந்து உட்காருகிறது. ஒரு தடவை சறுக்கினால் எண் பூஜ்ஜியம். 'அதான் போச்சே, இனி என்ன' என்று அன்றைக்கே மொத்தமா மூழ்குவான். குடிப்பழக்கத்தை ஆராய்ந்த உளவியலாளர் ஆலன் மார்லட் இதைத்தான் எச்சரித்தார்: சறுக்கலைவிட, சறுக்கியதும் வரும் 'நான் தோத்தவன்' என்ற எண்ணம்தான் ஆளைக் கவிழ்க்கும்.

பூஜ்ஜியமாக்குவதற்குப் பதில் குறித்து வைக்கலாம்: எந்த நேரம், தனியாவா, களைப்பா, சண்டைக்குப் பிறகா? ஒரு வாரத்தில் ஒரு மாதிரி தெரியவரும். பலருக்கு அது படுக்கையும் ஃபோனும் சேரும் நேரம்தான். அப்போ சார்ஜரை ஹாலுக்கு மாற்றுவதிலிருந்து தொடங்கலாம்.

அதற்கும் அடங்கவில்லை, வேலையோ குடும்பமோ ஆட்டம் காண்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்க. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ரயிலிலேயே போகலாம். மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சமா? டெலி மானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும். ஸ்டிக்கர் நம்பருக்கு அடிப்பதற்கு முன்னால் இதற்கு அடிங்க.