கைப்பிடியின் வளைவு

பகலில் வீட்டுப் பிளான் கீறும் கல்லடித் தம்பி ஒருவர், இரவில் அதே ஓட்டோகாட் மென்பொருளில் விண்கப்பல் கீறுகிறார். ஆர்தர் சி. கிளார்க் 1973இல் வெளியிட்ட நாவலில் வரும் 'ராமா' அது. 50 கிலோமீற்றர் நீள உருளை. மவுஸின் சின்னச் சொடுக்கு, விசைப்பலகையில் இரண்டெழுத்துக் கட்டளை, மறுபடி சொடுக்கு. கப்பலுக்குள் இறங்கும் மூன்று படிக்கட்டுகளில் ஒன்றைக் கீறினால் போதும், மற்ற இரண்டையும் அச்சைச் சுற்றி நகலெடுத்துவிடலாம். ஆனால் அந்த ஒன்றின் கைப்பிடி வளைவை அழித்தழித்துக் கீறுகிறார். இவ்வளவு பெரிய கப்பலில் அதை யார் பார்ப்பது? "கதையில அதிலதானே சறுக்கி இறங்குறாங்க" என்கிறார். நியாயம்தான். எனக்குப் பிடித்தது உருளைக் கடல்: உட்சுவரோடு வளைந்தேறித் தலைக்கு மேலும் தண்ணீர். அதற்கு நீலம் பூசாமல், மாரிகால வாவியின் கலங்கல் பச்சையைக் கொடுத்திருக்கிறார். இதில் நானும் அவர் கட்சி.