வேண்டாம் என்பவருக்கும் ஒரு பக்கம்

விற்பனை ஃபனல் கட்டும் மென்பொருளை விற்க வருகிறவர்கள் எல்லோரும் திரையில் ஒரே கதையைத்தான் ஓட்டிக் காட்டுவார்கள். விளம்பரம் பார்த்து ஒருவர் வருகிறார். மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து இலவசக் கையேட்டை இறக்கிக்கொள்கிறார். அடுத்த பக்கத்தில் 499 ரூபாய்ப் பாடத்தை வாங்குகிறார். அதற்கடுத்த பக்கத்தில் 4,999 ரூபாய்ப் பாடத்தையும் வாங்குகிறார். நன்றிப் பக்கத்தில் வண்ணக் காகிதத் துணுக்குகள் பொழிகின்றன. காட்டுகிறவரின் விரல் ‘ஆம்’ பொத்தானை விட்டு நகர்வதே இல்லை. இடையில் ஒரு கேள்வி போட்டால் ஓட்டம் நின்றுவிடும்: வேண்டாம் என்பவர் எங்கே போவார்?

எந்த ஃபனலை எடுத்துக்கொண்டாலும் வருகிறவர்களில் பெரும்பாலோர் வாங்காமல் போகிறவர்கள்தான். ஆகவே, மறுக்கிறவரை எப்படி நடத்துகிறது என்பதை வைத்தே ஒரு மென்பொருளை எடைபோடலாம் என்பது என் கட்சி. வார்ப்புருக்கள் எத்தனை, விலை எவ்வளவு என்று ஒப்பிடும் அட்டவணைகள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. இதற்கென்று ஒரு கட்டத்தை எவரும் போடுவதில்லை.

இந்தத் தொழிலின் வம்சாவளி கணினிக்கு முந்தையது. வாங்குபவரின் மனம் கவனம், ஆர்வம், ஆசை என்று படிப்படியாக நகர்கிறது என்ற கருத்தை அமெரிக்க விளம்பரக்காரர் எலியாஸ் செயின்ட் எல்மோ லூயிஸ் பெயரில் 1898-க்குக் கொண்டுபோவார்கள். 1924-இல் கடன்பத்திர விற்பனை பற்றி வில்லியம் டவுன்செண்ட் எழுதிய நூலில் ஃபனல் என்னும் புனல் உருவம் வந்து சேர்ந்தது. எனக்கு இவர்களைவிட விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸைப் பிடிக்கும். விளம்பரத்தின் ஓரத்தில் வெட்டி அனுப்பும்படி ஒரு கூப்பன், ஒவ்வொரு விளம்பரத்தின் கூப்பனிலும் வெவ்வேறு குறி. எந்தக் குறி எத்தனை திரும்பி வந்தது என்று எண்ணி, தோற்ற விளம்பரத்தைத் தூக்கி எறிவது அவர் வழி. 1923-இல் வந்த அவருடைய ‘சயின்டிஃபிக் அட்வர்டைசிங்’ இதைத்தான் சொல்லிக்கொடுத்தது. இன்று ஸ்ப்ளிட் டெஸ்ட் என்ற பொத்தானைத் தட்டினால் நடப்பதும் அதே கூப்பன் எண்ணல்தான்.

மென்பொருளாக ஃபனல் பெரிய அளவில் பரவியது 2014-இல், ரஸ்ஸல் பிரன்சனும் டாட் டிக்கர்சனும் ஐடஹோவிலிருந்து கிளிக்ஃபனல்ஸைக் கொண்டுவந்த பிறகு. பிரன்சன் போய்சி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மல்யுத்த வீரர். படிக்கிற காலத்தில், உருளைக்கிழங்கைச் சுடும் துப்பாக்கி செய்வது எப்படி என்று டிவிடி போட்டு விற்றவர். கூகுள் விளம்பரக் கட்டணம் ஏறி, டிவிடியில் வந்த லாபத்தை விளம்பரமே தின்றுவிட்டது. அப்போது டிவிடி வாங்கியவரிடமே துப்பாக்கிக்கு வேண்டிய சாமான்களையும் ஒரு தொகுப்பாக விற்க ஆரம்பித்தார். இரண்டாவது விற்பனை முதல் விற்பனையின் விளம்பரச் செலவைத் தாங்கியது. ஃபனல் தொழிலின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும்.

பழைய கிளிக்ஃபனல்ஸின் எடிட்டரை இன்றும் ரசிக்கலாம். இடப்புறம் ஒரு பட்டியல்: முகவரி வாங்கும் பக்கம், விற்பனைப் பக்கம், பணம் கட்டும் பக்கம், கூடுதல் சலுகைப் பக்கம், நன்றிப் பக்கம். ஒன்றன்கீழ் ஒன்றாக, வருகிறவர் நடக்கும் வரிசையிலேயே அவை நிற்கும். பக்கத்துக்குள் போனால் பகுதிக்குப் பச்சைக் கோடு, வரிசைக்கு நீலக் கோடு, எழுத்துக்கும் படத்துக்கும் ஆரஞ்சுக் கோடு. எதைத் தொட்டால் எது நகரும் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். பக்கம் ஒரு நிறுவனத்தில், பணப் படிவம் இன்னொன்றில், மின்னஞ்சல் மூன்றாவதில் என்று ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை. ரசனையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். சிவப்புத் தலைப்பு, மஞ்சள் பூசிய வரிகள், ஆடிக்கொண்டே இருக்கும் அம்புக்குறி. அந்த அம்பை வரைந்தவருக்கு ஒரு விருது கொடுத்து ஓய்வு பெறச் சொல்லலாம்.

மறுப்புக்கு வருகிறேன். கூடுதல் சலுகைப் பக்கத்தில் பெரிய பச்சைப் பொத்தானுக்குக் கீழே, எறும்பு அளவில் ஒரு வரி இருக்கும்: ‘வேண்டாம், என் வியாபாரம் வளர்வதில் எனக்கு விருப்பமில்லை’. அமெரிக்க ஃபனல்களில் இது சகஜம். மறுக்கிறவரைக் கூச வைத்து வாங்கச் செய்யும் வித்தை. வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் 2010-இல் டார்க் பேட்டர்ன் என்று பெயரிட்டுத் தொகுத்த தந்திரங்களின் குடும்பத்தில் இதுவும் சேரும். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. கூச வைப்பதும் அதில் ஒன்று. மென்பொருளை எடைபோடுகிறவர் அதன் வார்ப்புருக்களைத் திறந்து அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் போதும். கட்டியவர்களின் குணம் அங்கே தெரியும்.

நல்ல புடவைக் கடைச் சிப்பந்தி, வேண்டாம் என்று தள்ளிய புடவையை மடிக்கும்போது முகத்தில் எதையும் காட்டமாட்டார். கை தானாகக் கொஞ்சம் விலை குறைந்த அடுக்குக்குப் போகும். ஃபனலில் இதை டவுன்செல் என்கிறார்கள். முழுப் பாடம் வேண்டாம் என்றவருக்கு அதன் முதல் பகுதி மட்டும், அல்லது அதே தொகை மூன்று தவணையில். இதற்கு மென்பொருளில் ‘ஆம்’ ஒரு பாதையாகவும் ‘வேண்டாம்’ வேறு பாதையாகவும் பிரிய வேண்டும். சிலவற்றில் இரண்டு பொத்தானும் ஒரே அடுத்த பக்கத்துக்குப் போகும். அவற்றை வாங்க வேண்டாம்.

இனி ரூபாயில் விற்கிறவர்களுக்கு முக்கியமான விஷயம். அமெரிக்க மென்பொருள்கள் பெருமையாகக் காட்டுவது ஒரே கிளிக்கில் கூடுதல் விற்பனை. வாங்குபவர் முதல் முறை அட்டை எண் தந்ததும், அது ஸ்ட்ரைப் போன்ற கட்டண நிறுவனத்திடம் தங்கிவிடும். விற்பவர் கையில் அதற்குப் பதிலாக ஒரு டோக்கன் மட்டும் இருக்கும். அடுத்த பக்கத்தில் ‘ஆம்’ என்றால் டோக்கனைக் காட்டிப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். எண்ணை மறுபடி தட்ட வேண்டியதில்லை, யோசிக்க நேரமும் இல்லை. இந்தியாவில் இந்த மாயம் பலிக்காது. உள்நாட்டு அட்டையில் இணையம் வழியே பணம் கட்டினால் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-லேயே சொல்லிவிட்டது. டோக்கன் இருந்தாலும் ஓடிபி வரும். 2016-இல் வந்த யுபிஐ-யிலும் பொதுவாக ஒவ்வொரு முறையும் பின் எண்ணைத் தட்ட வேண்டும். மாதாமாதம் தானே கழியும் சந்தாவுக்குக்கூட 2021 அக்டோபர் 1 முதல் தனி விதி; இப்போது பொதுவாக 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு மாதமும் ஓடிபி.

புலம்புகிறவர்கள் உண்டு. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. இரண்டாவது சலுகை இங்கே இரண்டாவது முடிவாகிறது. அந்த முடிவை எடுக்க வைக்கும் தகுதி பொருளுக்கு இருக்க வேண்டும். கூடவே, இதனால் ஆர்டர் பம்ப் என்ற சின்னப் பெட்டிக்கு நம் ஊரில் மதிப்பு கூடிவிட்டது. பணம் கட்டும் படிவத்திலேயே, பொத்தானுக்குச் சற்று மேலே, ‘பயிற்சித் தாள்களையும் 99 ரூபாய்க்குச் சேர்த்துக்கொள்கிறேன்’ என்று ஒரு கட்டம். டிக் செய்தால் தொகை கூடும். ஓடிபி ஒன்றே போதும். செய்யாவிட்டால் எதுவும் நடக்காது, யாரும் வருத்தப்படமாட்டார்கள். மறுப்பதற்கு ஒரு கிளிக்கூடத் தேவைப்படாத சலுகை இது ஒன்றுதான். அதனாலேயே ஃபனல் கலையில் எனக்கு மிகப் பிடித்த உறுப்பும் இதுதான். ஒரே எச்சரிக்கை: டிக்கை முன்கூட்டியே போட்டு வைக்கும் வசதியைச் சில மென்பொருள்கள் தருகின்றன. கேட்காத பொருளைக் கூடையில் சொருகுவதும் அந்தப் 13 தந்திரங்களில் ஒன்று.

ஓடிபியால் புதிதாக ஒரு மறுப்பும் பிறந்திருக்கிறது: பாதி வழியில் மனம் மாறுகிறவர். கூடுதல் சலுகைக்கு ‘ஆம்’ சொல்லி, வங்கித் திரையைப் பார்த்ததும் பின்னால் போகிறவர். சோதனைக் கணக்கில் நீங்களே இதைச் செய்து பாருங்கள். முதல் பாடத்துக்கான ரசீது அஞ்சலுக்கு வந்ததா? சில மென்பொருள்கள், கூடுதல் சலுகை முடியும்வரை முதல் ஆர்டரையே நிறுத்தி வைத்திருக்கும். பணம் கட்டியவர் பாடமும் இல்லாமல் ரசீதும் இல்லாமல் கால் மணி நேரம் தவிப்பார். டெமோவில் இதை யாரும் காட்டமாட்டார்கள்.

சலுகை முடியும் நேரத்தை எண்ணிக் காட்டும் கடிகாரங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ‘இன்னும் 14 நிமிடம் 32 விநாடி’ என்று ஓடும் எண், மறைநிலைச் சாளரத்தில் அதே பக்கத்தைத் திறந்தால் மறுபடி பதினைந்தில் தொடங்குகிறதா என்று பார்த்துவிடலாம். டெட்லைன் ஃபனல் போன்ற கருவிகள் ஒவ்வொருவருக்கும் உண்மையான கெடுவை வைத்து, அது முடிந்ததும் சலுகைப் பக்கத்தை மூடிவிடுகின்றன. கெடு வைப்பதென்றால் அப்படி வைக்க வேண்டும்.

தமிழில் பக்கம் போடுகிறவர்கள் எந்த டெமோவிலும் முதலில் ‘ஞாயிற்றுக்கிழமை முன்பதிவு செய்துகொள்ளுங்கள்’ என்று பொத்தானில் தட்டிப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தின் ‘பை நவ்’ அளவுக்கு வெட்டிய பொத்தானிலிருந்து நம் சொற்கள் வெளியே தொங்கும். தலைப்புகளுக்கு வார்ப்புருக்கள் வைக்கும் வரி இடைவெளி இன்னும் மோசம். மேல் வரியின் ஊகாரக் கொக்கி கீழ் வரியின் இகரச் சுழியில் போய் முட்டும். வரி உயரத்தை ஒன்றரை மடங்காக்கவும், நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் போன்ற கூகுள் எழுத்துருக்களைத் தேர்ந்தெடுக்கவும் வழி இருக்கிறதா? இல்லையென்றால், கைபேசி தன்னிடம் உள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்தைப் போட்டுவிடும். படிக்கச் சிரமப்பட்டு மூடிவிட்டுப் போகிறவரும் மறுத்தவர்தான். காரணம் மட்டும் உங்கள் அறிக்கையில் வராது.

மின்னஞ்சலில் நிலைமை மாறிவிட்டது. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்பு முறைகள் மூன்றையும் வைத்திருக்க வேண்டும். ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. 2024 பிப்ரவரி முதல் கூகுள் இப்படிக் கேட்கத் தொடங்கியது, யாஹூவும் ஏறத்தாழ இதையே. எனவே விலகல் இணைப்பு எங்கும் இருக்கும். அதற்கு அடுத்த நுணுக்கத்தைப் பாருங்கள்: விளம்பர அஞ்சல் வேண்டாம் என்றவருக்கு அவர் வாங்கிய பாடத்தின் நுழைவு அஞ்சல் தொடர்ந்து போகிறதா? வாங்கிவிட்டவர் ‘கடைசி வாய்ப்பு’ வரிசையிலிருந்து அந்த நிமிடமே விலக்கப்படுகிறாரா? நேற்று முழு விலை கொடுத்தவருக்கு இன்று பாதி விலை அஞ்சல் போனால், அவர் அடுத்த முறை மறுப்பதற்கு நீங்களே காரணம் எழுதிக் கொடுத்தாயிற்று.

உள்ளே வருவதும் வெளியே போவதும் எவ்வளவு தூரம் விலகிப்போக முடியும் என்பதற்கு அமேசானே சாட்சி. 1999-இல் ஒரே கிளிக்கில் வாங்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற நிறுவனம் அது. 2023-இல் அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், பிரைம் சந்தாவை ரத்து செய்ய நான்கு பக்கம், ஆறு கிளிக், பதினைந்து தெரிவுகளைக் கடக்க வேண்டியிருந்தது என்று அந்த ஆணையம் குறிப்பிட்டது. நிறுவனத்துக்குள் அந்த வழிக்கு ‘இலியட்’ என்று பெயராம். ஹோமரின் நீண்ட போர்க் காவியம். பெயர் வைத்தவரின் நகைச்சுவையை மெச்சத்தான் வேண்டும். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு வழக்கு சமரசமானது.

சரி, எதை வாங்குவது? தனியாளாகத் தொடங்கி, முதல் பாடம் விற்குமா என்றே தெரியாதவருக்கு சிஸ்டம்.ஐஓ. பிரெஞ்சுக்காரர் ஒரேலியன் அமாக்கர் உருவாக்கியது. இலவசத் திட்டத்திலேயே 2,000 முகவரிகளும் மூன்று ஃபனல்களும் கிடைக்கும். அழகு குறைவு, குழப்பமும் குறைவு. பத்து வாடிக்கையாளருக்கு ஃபனல் கட்டிக்கொடுக்கும் ஏஜென்சிக்கு கோஹைலெவல் பொருந்தும். தனியாள் அதன் மெனுக்களில் தொலைந்துபோவார். கிளிக்ஃபனல்ஸ் டாலர் வாங்குபவர்களுக்கு விற்கிறவர்களின் கருவி.

என் ஓட்டு வேர்ட்பிரஸில் வூகாமர்ஸ், அதன்மேல் புனேயின் பிரெய்ன்ஸ்டார்ம் ஃபோர்ஸ் தரும் கார்ட்ஃப்ளோஸ், பணத்துக்கு ரேசர்பே. ‘ஆம்’, ‘வேண்டாம்’ பாதைகளைத் தனித்தனியே பிரிக்கலாம்; யுபிஐ சிக்கலில்லாமல் வேலை செய்யும்; எழுத்துருவில் நம் இஷ்டம். புதுப்பிப்பும் பாதுகாப்பும் உங்கள் தலையில் விழும் என்பது உண்மை. ஒரு செருகுநிரல் புதுப்பித்த இரவில் பணப் பக்கம் வெறுமையாகும் அனுபவமும் வரலாம். ஆனால் என்றைக்காவது இந்த மென்பொருளையே வேண்டாம் என்று நீங்கள் சொல்ல நேரும்போது, பக்கங்களும் ஆர்டர்களும் உங்கள் சர்வரிலேயே இருக்கும். வாடகை மேடைகளில் முகவரிப் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக எடுத்துப்போக விடுவார்கள். கட்டிய பக்கங்களைப் பெரும்பாலும் விடமாட்டார்கள். இலவசச் சோதனைக் காலத்தின் முதல் நாளே ஐந்து பொய் முகவரிகளைப் போட்டு அந்த சிஎஸ்வியை இறக்கிப் பாருங்கள். பெயரும் அஞ்சலும் மட்டும் வருகிறதா, யார் எதை வாங்கினார், யார் எந்தத் தேதியில் சம்மதம் தந்தார், யார் விலகினார் என்ற பத்திகளும் வருகின்றனவா? விலகியவர் பத்தி இல்லாமல் பட்டியலைப் புது மேடைக்கு ஏற்றினால், போன வருடம் வேண்டாம் என்று சொன்னவர்களுக்கெல்லாம் மறுநாள் காலை ‘வணக்கம்’ என்று அஞ்சல் போய்விடும்.