சிரிக்காத வீரனும் சிரிக்கும் செவியும்

சித்திரக்கதை கண்ணுக்கு உரியது. ஒலி நாடகம் செவிக்கு உரியது. கண்ணுக்கென்று படைக்கப்பட்டதைச் செவிக்கு மாற்றினால் எஞ்சுவது யாது? வீரனின் போர்வையும் முகமூடியும் மறைந்துவிடும். மாடங்களின்மீது படியும் இருளும் மறைந்துவிடும். அவற்றோடு நகைச்சுவையும் வந்து கலந்தால் வீரனின் பெருமையே கரைந்துபோகாதா என்று அஞ்சுவோரும் உளர். 2021ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘பேட்மேன்: தி ஆடியோ அட்வெஞ்சர்ஸ்’ என்னும் ஒலி நாடகத் தொடர் இவ்விரு ஐயங்களுக்கும் தக்க விடை தருகின்றது.

வௌவால் உருப்பூண்ட பேட்மேனை பாப் கேன், பில் ஃபிங்கர் ஆகிய இருவரும் 1939இல் சித்திரக்கதையில் படைத்தனர். புரூஸ் வேய்ன் என்னும் சிறுவன் தன் கண்ணெதிரே பெற்றோர் சுடப்பட்டு இறப்பதைக் காண்கிறான். குற்றங்களை எதிர்த்துப் போராடுவதாகச் சூளுரைக்கிறான். வளர்ந்த பின்னும் அச்சூளைக் கைவிடாது வாழ்கிறான். கதையின் வேர் இத்துயரமே.

சித்திரக்கதை வீரர் ஒலியுலகில் புகுவது புதிதன்று. ‘சூப்பர்மேன்’ வானொலித் தொடர் 1940இல் தொடங்கியது. அதில் நடித்த பட் காலியர், கிளார்க் கென்டாகப் பேசும்போது குரலை உயர்த்தி மென்மையாகப் பேசுவார். சூப்பர்மேனாக மாறும் கணத்தில், ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே, குரலைத் தாழ்த்திக் கம்பீரமாக்குவார். உடை மாறியதைக் கேட்போர் அக்குரலாலேயே கண்டனர். 1945இல் பேட்மேனும் ராபினும் அத்தொடரில் விருந்தினராக வந்து சேர்ந்தனர். சூப்பர்மேனின் வலிமையைக் குலைக்கும் கிரிப்டோனைட் என்னும் கல், 1943இல் வானொலியில் பிறந்து, 1949இல்தான் சித்திரக்கதைக்குச் சென்றது. எனவே ஒலி வடிவம் மூலத்திலிருந்து கடன் பெறுவது மட்டுமன்று. மூலத்திற்குக் கொடுக்கவும் வல்லது.

பேட்மேன் கதையில் நகைச்சுவை கலப்பதும் புதிதன்று. ஆடம் வெஸ்ட் நடித்து 1966இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரைப் பலர் அறிவர். அத்தொடரின் சிரிப்பு பெரும்பாலும் கண்வழிச் சிரிப்பாகும். சண்டை நிகழும்போது அடியின் ஓசை வண்ண எழுத்துகளாகத் திரையில் தோன்றும். தீயோர் இருக்கும் இடங்கள் சாய்ந்த கோணத்தில் காட்டப்படும். காதுகள் முளைத்த முகமூடியணிந்த ஒருவர் பட்டப்பகலில் நெறிமுறை பேசுவதைக் கண்ட மாத்திரத்தே சிரிப்பு எழும்.

ஒலி நாடகத்தில் அந்த முகமூடி கண்ணுக்குத் தெரிவதில்லை. பிறகு சிரிப்பு எங்கிருந்து வருகின்றது?

இங்கே தொல்காப்பியர் துணைக்கு வருகின்றார். எண்வகை மெய்ப்பாடுகளை எண்ணும்போது நகையை முதலில் வைத்த அவர், அது தோன்றும் நிலைக்களன்களாக எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடனையும் சுட்டுகின்றார். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பதோ, கொண்ட ஒன்றை எவ்வகையாலும் விடாது பற்றி நிற்றல் என்று உரை விளக்கம் பெறும். தொலைக்காட்சித் தொடரில் மிகுந்தது எள்ளல். ஒலி நாடகத்தில் ஓங்கி நிற்பது மடன்.

டென்னிஸ் மெக்நிக்கோலஸ் எழுதி இயக்கிய இத்தொடரில் பேட்மேனாகக் குரல் கொடுப்பவர் ஜெஃப்ரி ரைட். அவர் ஓரிடத்திலும் நகைச்சுவை செய்ய முயல்வதில்லை. சுற்றியிருப்போர் எத்துணை அபத்தமாகப் பேசினும் அவர் குரல் தன் கனத்தை இழப்பதில்லை. கதையுரைக்கும் கிறிஸ் பார்னெலும் அவ்வாறே. உலகம் அழியும் செய்தியையும் அற்பச் செய்தியையும் ஒரே பெருமிதத்துடன் அறிவிப்பவர்போல் பேசுகின்றார். சொல்பவர் சிரிக்காதபோதுதான் கேட்பவர் சிரிக்கின்றார். சிறுவயதில் கொண்ட சூளைப் பேட்மேன் விடாது பற்றி நிற்பதே அவன் வீரம். அதை ஒரு கணமும் நெகிழவிட மாட்டாமையே நகைக்கும் இடம். வீரமும் நகையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தலால், சிரிப்பு வீரனைச் சிறுமைப்படுத்தவில்லை. அவனுடைய துயரத்தை மறந்து சிரிப்பவர் அரைப்பங்கே சுவைத்தவராவர்.

எதிரிகளிடத்தும் இம்மடனே காணப்படும். புதிர் போடாமல் ரிட்லரால் குற்றம் செய்ய இயலாது. நாணயத்தைச் சுண்டாமல் டூ-ஃபேஸால் முடிவெடுக்க இயலாது. பிடித்ததை விடாதவன் பிடித்ததை விடாதவர்களோடு பொருதுகின்றான். கண்ணாடியில் தன்னையே காண்பதுபோன்ற போர் இது. பிரென்ட் ஸ்பைனர் குரல் கொடுக்கும் ஜோக்கர்தான் ஓயாது சிரிப்பவன். ஆயின் அவன் சிரிப்பைக் கேட்டு யார்க்கும் நகை தோன்றுவதில்லை, அச்சமே தோன்றுகின்றது. சிரிப்பது வேறு, சிரிக்க வைப்பது வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

குறைகளும் இல்லாமல் இல்லை. பாத்திரங்கள் மிகப் பலர். கரகரத்த குரல்கள் பல ஓரிடத்தில் கூடும்போது பேசுபவர் யார் என்று செவி தடுமாறுகின்றது. நடிகர் பலர் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்னும் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் பயின்றவர்; ஆதலின் ஒரு நகையை வேண்டிய அளவினும் நீட்டும் மேடை வழக்கம் சிற்சில இடங்களில் புகுந்துவிடுகின்றது. அமெரிக்கத் தொலைக்காட்சி மரபை அறியாதார்க்குச் சில நகைகள் எட்டாமலே போகும்.

எனினும் இத்தொடர் உணர்த்தும் உண்மை பெரிது. நகைச்சுவைப் பகுதியை வகுப்பில் உரக்கப் படிக்கும் ஆசிரியர் தாமே முதலில் சிரித்துவிட்டால் மாணவர்க்குச் சிரிக்க இடமிராது. சொல்லின் கனத்தை நெகிழாது படித்தால் வகுப்பே சிரிக்கும். சித்திரக்கதையின் வழிவந்தது, சிரிப்பூட்டுவது என்னும் இரண்டு காரணங்களால் ஒரு படைப்பைத் தாழ்வாக எண்ணுதல் தகாது. ஓவியம் அனைத்தும் அகன்ற பின்னும் ஒரு வீரனின் உறுதி குரலில் மட்டுமே நின்று ஒலிக்குமாயின், அந்த வீரன் உடையால் ஆனவன் அல்லன் என்பது தெளிவு.